காலி நாற்காலி

அரசியல் சட்டம் என்றதும் பலருக்கு டில்லிதான் ஞாபகத்துக்கு வரும். எனக்குத் தாம்பரத்துச் சாக்கடை ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து வருஷம். அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. பழங்குடியினருக்கு உரிய ஒதுக்கீடு இல்லை என்று தொடுத்த வழக்கு அது. நியாயமான வழக்குதான். குறையைத் திருத்திச் சில மாதங்களில் தேர்தல் வைத்திருக்கலாம். நகரங்களில் தேர்தல் வந்ததோ 2022 பிப்ரவரியில்!

இடையில் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். வேலையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கினால் நாங்கள் மனு எழுதினோம். சண்டை போட ஆள் இல்லை. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தவரிடம்தானே உரிமையோடு கோபித்துக்கொள்ள முடியும்?

2021-ல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் முதலிய ஊர்களைச் சேர்த்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மறு வருஷம் வசந்தகுமாரி என்ற இளம்பெண் முதல் மேயரானார்.

"ஒதுக்கீட்டில் வந்த நாற்காலிதானே, சார்!" என்றார் நண்பர் ஒருவர்.

"ஐந்து வருஷம் அந்த நாற்காலியே இல்லையே, அப்போது யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டேன்.

யார் உட்காரலாம் என்று சட்டம் சொன்னால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. நாற்காலியை உரிய நாளில் போடவும் வேண்டும்.