அறையில் இருந்தவள்

போன கோடையில் வந்திருந்த என் பேத்தி, ஊருக்குத் திரும்பும்போது ஒரு புஸ்தகத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். "தாத்தா, சிரிக்காமப் படிங்க" என்று எச்சரிக்கை வேறு.

சிரித்துக்கொண்டுதான் படித்தேன். முதல் அத்தியாயத்திலேயே, ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில் ஒரு கேக் கடைக்குள் பிசாசுகள் புகுந்து, கேக்குகளாகவே உருவெடுத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கின்றன. அவற்றை உதைத்து வீழ்த்த ஒரு வீராங்கனை இருக்கிறாள். அமானுஷ்ய சக்தி படைத்தவள், பளபளப்பான உடுப்புக்காரி. ஊரே அவளைக் கொண்டாடுகிறது. 'ஹீரோயின் காம்ப்ளெக்ஸ்' என்பது நாவலின் பெயர். ஸாரா கூன் என்ற அம்மாள் எழுதி, 2016-இல் அமெரிக்காவில் வெளியானது.

இந்த மாதிரிக் கதைகளை எழுத எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. பிசாசுகள் வெறும் சாக்கு. கதையை நடத்திச் செல்பவள் அந்த வீராங்கனை அல்ல. அவளுடைய பூட்ஸில் ஒட்டிய பிசாசுக் கசண்டைத் துடைத்து வைக்கும் ஈவி என்ற பெண். பால்யத் தோழி, இப்போது சம்பளத்துக்கு உதவியாளர். வீராங்கனையின் கோபதாபங்களையெல்லாம் தாங்கிக்கொண்டு, தனக்குள்ளே நெருப்புச் சக்தி இருப்பதை வெளியில் காட்டாமல் அடக்கி வைத்திருக்கிறாள். வீராங்கனைக்குக் கால் சுளுக்கிக்கொண்டு படுத்ததும், இவள் வேஷம் போட்டுக்கொண்டு அவளாக நடிக்க வேண்டி வருகிறது. அப்போதுதான் இருவருக்கும் உண்மையான சண்டை மூள்கிறது. ஈவிக்கு ஒரு காதலனும் உண்டு. அவனைப் பற்றிய பக்கங்களை நான் சற்று வேகமாகவே புரட்டினேன். அந்தத் தோழிகளின் சண்டையை மட்டும் இரண்டு முறை படித்தேன். அதே வீட்டில், பெண்களையே காதலிக்கும் லூஸி என்றொருத்தி இருக்கிறாள். அதை யாரும் ஒரு சங்கதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. அவளுக்கு ஆயுதப் பயிற்சியில் இருக்கும் சாமர்த்தியத்தைப் பற்றித்தான் பேச்சு.

இந்த நிலைக்கு வந்து சேர அமெரிக்கக் கதாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1954-இல் வெர்தாம் என்ற மனோதத்துவ வைத்தியர், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு பெரிய புஸ்தகம் எழுதினார். 'வொண்டர் வுமன்' என்ற வீராங்கனை, பெண்களை நாடும் பெண் என்பது அவர் கண்டுபிடித்த குற்றங்களில் ஒன்று. பெண்கள் கூடி வாழும் தீவிலிருந்து வந்தவள், தோழிகளோடு திரிகிறவள். வேறென்ன சாட்சி வேண்டும்! அதே வருஷம் பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். அத்தகைய காதலின் ஜாடைகூடப் படக்கதையில் தெரியக் கூடாது. பாட்மன் மேலும் அந்த வைத்தியர் சந்தேகப்பட்டிருந்தார் அல்லவா? 1956-இல் அவனுக்காகவே 'பாட்வுமன்' என்று ஒருத்தியை உண்டாக்கிவிட்டார்கள். கைப்பையில் பவுடரும் வாசனைத் திரவியமும் வைத்துக்கொண்டு, அவற்றையே ஆயுதமாக வீசித் திருடர்களைப் பிடித்தாள், பாவம்.

ஆனால் கதாபாத்திரங்களுக்கு ஆயுசு கெட்டி. ஐம்பது வருஷம் கழித்து, 2006-இல், அதே பாட்வுமன் புது அவதாரம் எடுத்து வந்தாள். இந்தத் தடவை அவள் பெண்களைக் காதலிப்பவள். ராணுவக் கல்லூரியில், "நான் அப்படியில்லை" என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் உத்தியோகம் நிலைத்திருக்கும். சொல்ல மாட்டேன் என்று வெளியேறியவள். சந்தேகத்தைத் துடைக்கப் பிறந்தவளே அந்தச் சந்தேகத்தை மெய்யாக்கினாள் என்றால், எழுத்தாளர்களின் குறும்பை மெச்சத்தான் வேண்டும். 2013-இல் அவள் தன் காதலியிடம் கல்யாணப் பேச்சும் எடுத்தாள். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. முகமூடி போட்டவர்களுக்குச் சொந்த வாழ்க்கையில் சந்தோஷம் கூடாது என்பது தங்கள் கொள்கை, இதில் பெண்ணுக்குப் பெண் என்ற ஆட்சேபமே கிடையாது என்றார்கள் பதிப்பாளர்கள். கதையை எழுதிய இருவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பதிப்பாளர்கள் சொன்ன சமாதானத்தை நானும் பல தடவை யோசித்துப் பார்த்தேன். என் காதில் அது சரியாக ஏறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இன்னொன்று. ஹார்லி க்வின் என்பவள் 1992-இல் ஒரு கார்ட்டூன் படத்தில் ஜோக்கர் என்ற வில்லனின் கையாளாக வந்தாள். அவனிடம் அடி உதை வாங்கிக்கொண்டே அவனை ஆராதிக்கிறவள். மறு வருஷம் ஒரு நாள் அவன் அவளை வெளியே தள்ளிவிட, பாய்ஸன் ஐவி என்றொருத்தியிடம் போய்ச் சேருகிறாள். ஐவிக்கு மனிதர்களே பிடிக்காது, செடிகொடிகள்தான் உறவு. ஆனாலும் வந்தவளுக்கு விஷம் ஏறாதபடி மருந்து கொடுக்கிறாள்; அந்தத் தடியனை விட்டுத் தொலை என்று புத்தி சொல்கிறாள். அந்தச் சிநேகிதம் காதலாகிப் பிறிதொரு கார்ட்டூன் தொடரில் பகிரங்கமானது 2020-இல். இருபத்தேழு வருஷம்! எந்தக் கந்தர்வ விவாகத்துக்கும் இத்தனை நிதானம் இருந்ததில்லை. அந்தக் காதலை நான் நம்பியதற்குக் காரணம் முத்தக் காட்சியல்ல. ஒருத்தி அடிபட்டு வந்த இரவில் இன்னொருத்தி கதவைத் திறந்தாள், அதுதான்.

இதையெல்லாம் படிக்கும்போது என் பழைய பாவம் ஒன்று நெஞ்சை உறுத்தியது. நம் அகப்பாட்டில் தலைவிக்கும் பெயர் கிடையாது, தோழிக்கும் கிடையாது. ஆனால் தலைவிக்குக் காதல் என்று ஒன்று உண்டு. தோழிக்கு அவளுடைய காதலைச் சுமக்கிற வேலை மட்டுந்தான். நானும் என் நாவல்களில் தோழிகளைத் தபால் பெட்டியாகவே உபயோகித்து வந்தேன். ஒரே ஒரு தடவை தவறினேன். திருச்சியில் ஒரு மாடி அறையில் சேர்ந்து வசிக்கும் இரண்டு ஆசிரியைகளைப் பற்றி ஒரு தொடர்கதை. எழுத எழுத அவர்கள் இருவரும் என் கையை மீறி நெருங்கிவிட்டார்கள். ஒருத்திக்கு ஜுரம் வந்தால் மற்றவள் லீவு போடுவாள். ஒருத்தி தலையை மற்றவள் துவட்டிவிடுகிற ஓர் அத்தியாயத்தை எழுதி முடித்தபோது, நான் எழுதியது என்ன என்று எனக்கே தெரிந்துவிட்டது. பயந்து போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே கடைசி இரண்டு அத்தியாயங்களில் டில்லியிலிருந்து ஒரு மாப்பிள்ளையை வரவழைத்து, ஒருத்திக்குத் தாலி கட்டி, ரயிலேற்றிவிட்டேன். வாசகர்கள் ஆனந்தப்பட்டுக் கடிதம் எழுதினார்கள்.

ஒரு கார்டு மட்டும் வேறு மாதிரி வந்தது. பெண் கையெழுத்து, அனுப்பியவர் பெயர் இல்லை. "ரயிலேறியவளைப் பற்றி எழுதினீர்கள். அறைக்குத் திரும்பிப் போனவள் அன்றிரவு சாப்பிட்டாளா?" என்று கேட்டிருந்தது.

முப்பது வருஷமாகிறது. அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

பேத்தியிடம் தொலைபேசியில் சொன்னேன். "அதுக்கென்ன தாத்தா, இப்ப எழுதுங்களேன்" என்றாள், ஏதோ மளிகைச் சாமான் விட்டுப்போனதைப் போல. நேற்று இரவு உட்கார்ந்தேன். அவள் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருகிறாள், மாடிப்படி ஏறுகிறாள், கொடியில் ஒரு துண்டு காய்கிறது. அதை மடிப்பதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருக்கிறாள். அந்த இடத்தில்தான் நானும் நிற்கிறேன்.