மலையின் சாய்வு

வ. புதுப்பட்டிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரு அணைகள் உள்ளன. அவ்விடத்தின் பெயர் பிளவக்கல். நிலவியல் பாடத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

இத்தகைய இடங்களுக்கு வருவோர் அணையையே நோக்குவர். நிலவியல் அறிஞரோ அதனைச் சூழ்ந்த மலைச்சரிவை நோக்குவார். திசைகாட்டியும் சாய்வுமானியும் கொண்டு பாறைப் பிளவுகள் எத்திசையில், எத்தனை பாகை சாய்ந்துள்ளன என்று அளப்பார். பிளவு மலைக்குள் சாய்ந்திருந்தால் பாறை வழுக்கும் அச்சம் குறைவு. அது வெளிநோக்கிச் சாய்ந்து சரிவின் முகப்பில் திறந்திருந்தால், மேலுள்ள பாறையைப் பெரும்பாலும் உராய்வே பிடித்து நிறுத்துகிறது. பிளவினுள் நீர் நிறைந்து அழுத்தும்போது அப்பிடியும் தளரும். கோடையில் அசையாத பாறை ஐப்பசி அடைமழையில் அசையக்கூடும். ஆகவே, ஒருநாள் அளவை போதாது. மழைக்கு முன்னும் பின்னும் அதே பிளவிடம் திரும்பி வரவேண்டும்.

அணை உறுதியாக இருந்தால் போதாதா? இத்தாலியின் வயோன்ட் அணை ஏறத்தாழ 262 மீட்டர் உயரமுடையது. 1963 அக்டோபர் 9 இரவு, ஏறக்குறைய 26 கோடி கனமீட்டர் மலை அதன் நீர்த்தேக்கத்தில் சரிந்தது. அணையைத் தாண்டி எழுந்த அலையால் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். அணை இடியவில்லை. இன்றும் நிற்கும் அச்சுவரின் பின்னே, நீர் இருந்த இடத்தில் மலை கிடக்கிறது.