சொம்பில் விழுந்த சீட்டு

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. என் தாயாருக்குச் சீராக வந்தது. அதில் இப்போது யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மாதத்துக்கு ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அது கீழே இறங்கும். எட்டு வயதான என் இளைய மகள் அதற்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுப்பாள். ஆத்தூரில் நாலு பேர், சேலத்தில் மூவர், சென்னையில் மூவர், கோயமுத்தூரில் இருவர், சிங்கப்பூரில் ஒருவர், தலைவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒருவர், ஆகப் பதினான்கு பேர் கைபேசியின் சின்னத் திரையில் அந்தச் சிறு கையையே பார்த்துக் கொண்டிருப்போம்.

இது ஏதோ ஏலச் சீட்டு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். அந்த மாதத்தில் நாங்கள் பதினான்கு பேரும் படிக்க வேண்டிய புத்தகத்தைத் தீர்மானிக்கிற சீட்டு அது. சொம்புக்கு இந்த உத்தியோகம் கிடைத்த கதையில் என்னுடைய அசட்டுத்தனம் ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் வருஷத்து ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. நூலகமும் மூடிக் கிடந்தது. சரித்திர உபாத்தியாயருக்கு வகுப்பு இல்லாமற் போனால் என்ன ஆகும்? வீட்டில் இருப்பவர்களுக்குச் சரித்திரம் போதிக்க ஆரம்பித்து விடுவார். என் மனைவி இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு, "இதைக் கேட்க ஆவலாய் இருக்கிறவர்கள் வெளியில் யாராவது இருப்பார்கள். கைபேசியில் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள். அப்படிப் பிறந்ததுதான் எங்கள் வாசகர் குழு. பழைய மாணவர்கள் சிலர், ஒரு மருந்துக் கடைக்காரர், ஓய்வு பெற்ற பாங்க் காஷியர் ஒருவர், சேகோ பாக்டரியில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர், இப்படிச் சேர்ந்தார்கள். தலைவாசல் பக்கத்து அம்மாள் என் பழைய மாணவன் ஒருவனுடைய தாயார். கணவர் காலமான பிறகு தையல் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். பிள்ளைதான் தன் தாயாரைக் குழுவில் சேர்த்துவிட்டான், அவன் சேரவில்லை.

மாதம் ஒரு புத்தகம் என்பது விதி. எந்தப் புத்தகம்? ஜனநாயக நாட்டில் இதற்கு இரண்டாம் யோசனை எதற்கு? ஓட்டு எடுத்தோம். ஆளுக்கு ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லலாம். மூன்று நாள் அவகாசம். மெஜாரிட்டி எதற்கோ அதுவே தேர்வு.

முதல் மாதம் வென்றது கல்கியின் "பொன்னியின் செல்வன்". 1950 முதல் 1954 வரையில் வாரா வாரம் வெளிவந்த கதை, ஐந்து பாகம். அதை ஒரே மாதத்தில் படித்துவிடலாம் என்று பதினொரு பேர் ஓட்டுப் போட்டார்கள்! படித்து முடிக்க நாலு மாதம் பிடித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஓட்டுப் போட்ட பதினொரு பேரில் எட்டுப் பேர் அதை முன்னமேயே படித்தவர்கள். பிறகு வந்த மாதங்களிலும் இந்த வேடிக்கை தொடர்ந்தது. யாருக்கும் தெரியாத புத்தகத்துக்கு ஓட்டு விழுவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த புத்தகத்துக்கே விழுகிறது. முன்னமே தெரிந்ததைத்தான் மெஜாரிட்டி விரும்பும் என்றால், தெரியாததை என்றைக்குத் தெரிந்து கொள்வது? தேர்தலில் பழக்கமான முகத்துக்கு ஓட்டுப் போடுவதில் ஒரு நியாயம் உண்டு. புத்தகத்துக்கு அந்த நியாயம் செல்லாது.

பெரிய தேசங்களில் இந்தத் தொல்லையை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1926ஆம் வருஷம் "மாதம் ஒரு புத்தகம்" என்ற சங்கம் ஏற்பட்டபோது, பொறுக்கி எடுக்கிற பொறுப்பை நிபுணர்கள் அடங்கிய ஒரு குழுவிடம் விட்டார்கள். இங்கிலாந்தில் விக்டர் கொலான்ஸ் 1936ஆம் வருஷம் ஆரம்பித்த இடதுசாரிப் புத்தகச் சங்கத்தில் அவரும் ஹெரால்டு லாஸ்கியும் ஜான் ஸ்ட்ரேச்சியும், ஆக மூவர் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பார்கள். 1939இல் சுமார் 57,000 அங்கத்தினர்கள் அந்த மூவர் சொன்னதை வாங்கினார்கள். ஊர் ஊராகக் கூடி விவாதித்தார்கள். நம்முடைய தேசபக்தர் சத்தியமூர்த்தியின் புதல்வி லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி அம்மையார் 1960களின் நடுவில் சென்னையில் "வாசகர் வட்டம்" என்று ஒன்றை நிறுவி, அங்கத்தினர்களாகச் சேர்ந்த வாசகர்களை நம்பியே அருமையான தமிழ் நூல்களை வெளியிட்டார். அங்கேயும் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு சிலர், படித்தவர்கள் பலர்.

எங்களிடம் லாஸ்கி யாரும் இல்லை. ஆனால் லாஸ்கி என்று தன்னை மனத்துக்குள் எண்ணிக் கொண்ட ஒருவர் இருந்தார். பெயர்களை அறிவிக்கும்போது எனக்குப் பிடித்த புத்தகத்துக்கு நாலு வரி சிபாரிசு எழுதுவேன். மற்றவற்றுக்குப் பெயர் மட்டும். முடிவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலைவாசல் அம்மாள் ஒவ்வொரு மாதமும் ஒரே பெயரைத்தான் சொல்லி வந்தார்: "நாகம்மாள்". ஆர். ஷண்முகசுந்தரம் எழுதி 1942இல் வெளிவந்த சிறு நாவல். ஆசிரியர் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். கொங்கு நாட்டுக் குடியானவர்களின் வாழ்வை, அவர்களுடைய பேச்சிலேயே எழுதியவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். புத்தகத்தைத்தான் நான் படித்ததில்லை. மாதா மாதம் அதற்கு ஒரே ஓட்டு, அந்த அம்மாளுடையதே. ஏன் அந்தப் புத்தகம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒன்பதாவது முறை தோற்றபோது, "நமது நிரந்தர அபேட்சகருக்கு இம்முறையும் டிபாசிட் போயிற்று" என்று நான் எழுதினேன். எல்லாரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அந்த அம்மாளும் ஒன்று போட்டார்.

என் ஹாஸ்யத்தை மனைவியிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒன்பது தடவையும் மற்றவர்கள் சொன்ன புத்தகத்தை அந்த அம்மாள் படித்தார்களா?" என்று கேட்டாள்.

"ஒன்று விடாமல். கூட்டத்துக்கும் தவறியதில்லை."

"அவர்கள் சொன்ன ஒன்றை நீங்கள் படித்தீர்களா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது. சபையில் சிறுபான்மையோர் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று வகுப்பில் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். என்றைக்கும் சிறுபான்மையாகவே இருந்து கட்டுப்படுகிறவருக்கு அந்தப் பாடம் எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

வழி என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. காஞ்சிபுரம் பக்கத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழனுடைய காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, கி.பி. 919இலும் 921இலும் வெட்டியவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். ஒரு முறை வாரியத்தில் இருந்தவர் மூன்று வருஷத்துக்கு மறுபடியும் வர முடியாது. வருஷந்தோறும் இதைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லி வந்தேன். "குடவோலை முறையைச் சுருக்கமாக விவரி" என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேள்வியும் கேட்டிருக்கிறேன்.

ஆகவே சொம்பு கீழே இறங்கிற்று. பதினான்கு பெயர்கள். எவர் பெயர் வருகிறதோ அவர் சொல்லும் புத்தகம்தான் அந்த மாதத்துக்கு. விவாதமும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. பதினான்கு பேரும் ஒரு சுற்று முடிகிற வரையில் வந்த பெயர் மறுபடி உள்ளே போகாது. பாங்க் காஷியர் மட்டும் ஆட்சேபித்தார். "கண்ட புத்தகத்தையும் படிக்க வேண்டி வருமே!" என்றார். அவருக்கு ஏற்ற மாதிரியே முதல் சீட்டில் சென்னைப் பையன் ஒருவன் வந்து, பங்கு மார்க்கெட்டைப் பற்றிய புத்தகம் ஒன்றைச் சொன்னான். அதை ரசித்துப் படித்தவர் காஷியர் ஒருவர்தான். இரண்டாவது சீட்டு மருந்துக் கடைக்காரருக்கு. மூன்றாவது மாதம் என் மகள் சீட்டைப் பிரித்துத் தலைவாசல் அம்மாளின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். திரையில் அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார்.

ஆத்தூரில் "நாகம்மாள்" அகப்படவில்லை. சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்தோம். மெல்லிய புத்தகம், இரண்டு இரவில் முடித்துவிட்டேன். பிறகு மூன்றாவது இரவு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். கணவனை இழந்த ஓர் இளம் பெண், கொழுந்தனோடு ஒரே குடும்பமாக இருக்கிறவள், நிலத்தில் தனக்குச் சேர வேண்டிய பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. கேட்டதிலிருந்து ஊர் கொதிக்கிறது. கடைசியில் ஓர் உயிர் போகிறது.

கூட்டம் வழக்கம்போல் என் பிரசங்கத்தோடு ஆரம்பித்தது. விதவைக்குக் கணவனின் பங்கில் உரிமை தரும் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் பெடரல் கோர்ட் அபிப்பிராயம் சொல்லிற்று. சென்னை மாகாணத்தில் நிலத்துக்கும் அதை விஸ்தரித்தது 1947இல். அதிலும் ஆயுள் பரியந்தம் அனுபவிக்கத்தான் பாத்தியதை. முழு உரிமை 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தில்தான் வந்தது. ஆகவே 1942இல் நாகம்மாள் கேட்டபோது சட்டம் அவள் பக்கத்தில் இல்லை. குடும்பத்தில் சோறும் துணியும் பெறத்தான் அவளுக்குப் பாத்தியதை என்று முடித்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

சிங்கப்பூர்ப் பெண்ணுக்குப் பாதி வார்த்தைகள் புரியவில்லை. அவற்றுக்கெல்லாம் தலைவாசல் அம்மாள் அர்த்தம் சொன்னார். காட்டு வேலை, பட்டி, பண்ணையம் என்று அவர் விளக்கியபோது, ஒன்பது மாதமாக வாய் திறவாமல் இருந்தவரா இவர் என்று தோன்றிற்று. காஷியர், "நாகம்மாள் கேட்டது நியாயம், கேட்ட விதம்தான் சரியில்லை" என்றார். கோயமுத்தூர்ப் பெண் விடவில்லை. "எந்த விதமாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், சார்? அதைச் சொல்லுங்கள்" என்றாள். காஷியர் யோசித்துப் பார்த்து, "அது கஷ்டந்தான்" என்று ஒப்புக் கொண்டார். அவரைப் பற்றி எனக்கு மதிப்பு உயர்ந்தது அந்த நிமிஷத்தில்தான்.

பிறகு நான், "ஏனம்மா இந்தப் புத்தகத்தையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். ஒன்பது மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. தையல் யந்திரத்தின் மேல் ஒரு கை இருந்தது. "எங்களுக்கு ரெண்டு ஏக்கர் குச்சிக்கிழங்குக் காடு இருந்ததுங்க சார். அவர் போன பிறகு மச்சினர் உழுதார். எனக்கும் பையனுக்கும் அதிலே பங்கு உண்டுன்னு சட்டம் இருக்கிறது எனக்கு அப்பவே தெரியும். நான் கேட்கலீங்க. சின்ன வயசிலே எங்க அத்தை வீட்டிலே இந்தப் புத்தகத்தைப் படிச்சிருந்தேன். கேட்டா இப்படித்தான் ஆகும்னு பயம். பையன் இப்போ, ஏம்மா கேட்காமே விட்டேன்னு கேட்கிறான். அவள் கேட்டது சரியா தப்பான்னு, படிச்சவங்க பத்துப் பேர் வாயாலே கேட்கணும்னு இருந்ததுங்க."

பதினான்கு பேரில் ஒருவரும் பேசவில்லை. சட்டத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தவருக்கும் வார்த்தை வரவில்லை.

அந்த அம்மாளே மறுபடி, "ஓட்டு எடுங்களேன், சார்" என்றார்.

எடுத்தோம். நாகம்மாள் பங்கு கேட்டது சரி என்று பதினொரு பேர் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். காஷியர் முதலில் தயங்கினார், பிறகு தூக்கினார். அவரையும் சேர்த்துத்தான் பதினொன்று. சரியல்ல என்று இரண்டு பேர். தலைவாசல் அம்மாள் மாத்திரம் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. எண்ணிக்கையை நான் சொன்னதும், துணி ஒன்றை எடுத்து மடித்துக் கொண்டே, "பையன்கிட்டே சொல்றேனுங்க" என்றார்.

அன்றைக்கு அடுத்த மாதச் சீட்டை எடுக்க எல்லாரும் மறந்துவிட்டோம். மறுநாள் காலையில், என் மகள் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில், செருப்பு மாட்டிய காலோடு வாசலில் நின்றபடியே சொம்பில் கையை விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். காஷியரின் பெயர் வந்திருந்தது.