ஒரு சென்ட் நிலம்

நமது மதரஸாவில் ஹிஃப்ள் முடித்த மாணவர் ஒருவர் எம்.சி.ஏ. படிப்பில் சேர்ந்தபோது நாம் மகிழ்ந்தோம் என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆலிமாக வருவார் என்று எதிர்பார்த்திருந்தோம். கணினிப் பயன்பாட்டியலில் முதுநிலைப் பட்டம் வாங்கிப் பெங்களூருவுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான் என்று மனம் கசந்தது.

இறுதிப் பருவத்தில் அவர் தமது திட்டப்பணிக்காக நம்மைத் தேடி வந்தார். இஸ்லாமிய வாரிசுரிமைப் பங்கீட்டைக் கணக்கிடும் மென்பொருள் எழுதப் போகிறாராம். விதிகளை நாம் சொல்ல வேண்டும், அவர் நிரலாக்குவார். இஷாவுக்குப் பின் பல இரவுகள் அமர்ந்தோம். அல்குவாரிஸ்மீயின் பெயரே ‘அல்காரிதம்’ என்று திரிந்தது என்பதையும், அவரது அல்ஜப்ர் நூலில் கணிசமான பகுதி வஸிய்யத்து, வாரிசுரிமைக் கணக்குகளே என்பதையும் சற்றுப் பெருமையோடு எடுத்துரைத்தோம். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த விதியைக் கேட்டார்.

ஓரிரவு அவர் கேட்டது இது:

“ஹஜ்ரத், தந்தை இருந்தால் சகோதரர்களுக்குப் பங்கில்லை என்றீர்கள். அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத் தாயின் பங்கைக் கணக்கிடட்டுமா, கணக்கிட்ட பின் நீக்கட்டுமா? விடை மாறுகிறது.”

பிள்ளையில்லாத ஒருவர் மனைவி, தாய், தந்தை, இரு சகோதரர்களை விட்டு மரணிக்கிறார். சொத்தைப் பன்னிரண்டாகப் பகுத்தால் மனைவிக்கு 3. சகோதரர்களை முதலில் நீக்கிவிட்டால் எஞ்சிய 9இல் மூன்றில் ஒன்றாகத் தாய்க்கு 3, தந்தைக்கு 6. நீக்காவிட்டால் தாய்க்கு ஆறில் ஒன்றாக 2, தந்தைக்கு 7. அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனப்படியும் நான்கு மத்ஹபுகளில் நிலைபெற்ற தீர்ப்பின்படியும் பின்னதே சரி. சகோதரர்கள் தமக்கு ஒன்றும் பெறாவிட்டாலும் தாயின் பங்கைக் குறைக்கிறார்கள்.

சொல்லி முடிக்கும்போதே நமக்கு நாக்கு வறண்டது. ஏழாண்டுகளுக்கு முன் நமது மஹல்லாவில் இதே நிலையில் ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு சென்ட் நிலத்தைப் பிரித்து எழுதிக் கொடுத்திருந்தோம். தாய்க்கு 3, தந்தைக்கு 6 என்று. கீழே நமது கையொப்பம்.

அந்தத் தந்தை இன்று உயிரோடில்லை. அவருடையதாக இருந்திருக்க வேண்டிய ஒரு சென்ட், அவருக்குப்பின் மனைவிக்கும் இரு புதல்வர்களுக்கும் சேர வேண்டியது. தாயோ தம் 3 சென்ட்டையும் இளையவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதே பெருநாளன்று மட்டும்தான்.

யாரும் கேட்கவில்லையே, ஆறிய புண்ணைக் கீறுவானேன் என்று இரண்டு நாள் நமக்கு நாமே ஃபத்வா கொடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் அஸருக்குப் பின் அந்த வீட்டுப் படியேறினோம். தாயார் தேநீர் வைத்தார். செய்தியைக் கேட்டதும் இரு மக்களையும் அழைப்பித்தார். பழைய தாளை விரித்து, பிழை எங்கே என்று விரல் வைத்துக் காட்டினோம்.

இளையவர் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார். மூத்தவர், “இது உங்களுக்கு எப்போது தெரிந்தது ஹஜ்ரத்?” என்றார். மூன்று நாளாயிற்று என்றோம்.

“மூன்று நாளா?” என்று மட்டும் கேட்டார். நம்மிடம் பதிலில்லை.

வரும் சனிக்கிழமை நிலத்தை அளக்க ஆள் வருகிறார். இளையவரே ஏற்பாடு செய்திருக்கிறார். நமது மாணவர் அந்தக் கணக்கைத் தமது மென்பொருளின் சோதனைகளில் முதலாவதாகச் சேர்த்திருக்கிறார். பெயர்களை விட்டுவிட்டாராம்.