குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே

ஏழரை மணி பஸ் போய்விட்டால் அந்த டீக்கடையில் யாருக்கும் அவசரம் இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. ஆடி பிறந்து ஒரு வாரம். மேட்டூர் திறந்து ஆறு வாரமாகியும் வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்தான். அதையும் ஆகாயத்தாமரை மூடிக்கொண்டிருக்கிறது. கடையின் பக்கச் சுவரில் நீல எழுத்தில் ‘மீத்தேன்’ என்பது மட்டும் மிச்சம். அதற்கப்புறம் என்ன எழுதியிருந்தார்களோ, அதன்மேல் ஒரு காதணி விழா சுவரொட்டி.

சாலைக்கு எதிரே, போர் தண்ணீரில் பச்சை பிடித்த குறுவைக்கு நடுவில் ஒரு கம்பிவேலி. வேலிக்குள் கப்பி கொட்டி மேடாக்கிய தரை. அதன் நடுவில், வால்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்பு, ஆள் உயரத்துக்கும் மேலே. எண்ணெய்த் தொழிலில் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். இந்த ஊரில் ‘கெணறு’ என்றால் இப்போது அதுதான். தண்ணீர் எடுப்பதற்கு ‘போரு’ என்று பெயர் வந்து நாளாகிவிட்டது.

வேலிக்குக் காவல் இருப்பவர் இதே ஊர்க்காரர். இரவுப் பணி முடித்து, சட்டையின் தோள்பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்கு வருகிறார். அவர் வந்ததும் பேச்சு யூரியா விலைக்குத் தாவிவிடுகிறது. டீ ஆற்றுகிறவருக்கு அடுத்த வாரம் வாய்தா, போராட்ட வழக்கு. காவல்காரருக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்பது கேட்காமலே அவருக்குத் தெரிகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. இறங்கிய இன்ஜினியருக்கு முப்பது வயதிருக்கும். ராஜமுந்திரிப் பக்கத்துத் தமிழ். பெஞ்சில் இடம் கொடுத்தவர் கைபோர் மேஸ்திரி. விரல் நகங்களுக்குள் சாம்பல் நிறக் களி.

“ஒங்க கெணறு எவ்ளோ ஆழம் சார்?”

“மூவாயிரம் மீட்டர் அண்ணா. பத்தாயிரம் அடி.”

“நான் எறக்குறது இருநூத்தி இருபது.”

“அதான் சொல்றேன். உங்க தண்ணி எங்கயோ, எங்க கேஸ் எங்கயோ. நடுவுல இத்தனை பாறை.”

சொல்லிக்கொண்டே பெஞ்சில் சிந்திய தண்ணீரில் விரலைத் தோய்த்து ஒரு கோடு இழுத்தார். நேராகக் கீழே வந்த கோடு முனையில் வளைந்து படுத்தது. அமெரிக்காவில் ஷேல் கிணறுகள் இப்படித்தான் என்றார். பாறைக்குள் கிடையாகப் போய், குழாயில் துளை போட்டு, ரசாயனம் கலந்த தண்ணீரை அழுத்தத்தில் செலுத்தினால் பாறை மயிரிழை மயிரிழையாகப் பிளக்கும். பிளந்தது மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க, தண்ணீரோடு மணலும் போகும்.

“மணலா!” என்றார் மேஸ்திரி. “இங்க கூரைக்குக் காங்கிரீட் போட மணல் இல்லாம எம்.சாண்ட்ல கெடக்குறோம்.”

கடையே சிரித்தது. காவல்காரர்கூட.

“இந்தக் கிணறு அது இல்லண்ணா,” என்றார் இன்ஜினியர். “இது பழைய மாதிரி கிணறு. அது வேற, மீத்தேன் வேற, ஷேல் வேற.”

அவருக்கு மூன்றும் மூன்று. நிலக்கரிப் படுகையின் மீத்தேன், களிப்பாறையில் சிக்கிய ஷேல் வாயு, மணற்பாறையில் தேங்கிய எண்ணெய். ஊருக்கு எல்லாம் ஒரே சொல், அந்தச் சுவரில் மிஞ்சிய சொல். படித்தவர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. எனக்கு அது கேலிக்குரியதாகப் படவில்லை. 2010-இல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரைக் குறித்துக் கொடுத்தபோது வந்த பெயர் மீத்தேன். அதை எதிர்த்து ஊர் ஊராக நடந்த இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-இல் அத்திவெட்டியில் கண்மூடினார். அந்தத் திட்டம் நின்றது. 2017-இல் நெடுவாசலுக்கு ஹைட்ரோகார்பன் என்று வேறு பெயரில் வந்தது. அதே ஆண்டு ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. 2018-இல், ஏற்கெனவே உரிமம் பெற்ற பரப்புகளிலேயே ஷேல் உட்பட எதையும் தேடலாம் என்று மத்திய அமைச்சரவை கதவைத் திறந்தது. அதற்குப் பின் பெயர்களைப் பிரித்துச் சொல்லும் பொறுப்பு ஊர்க்காரனுடையதா?

2020-இன் தொடக்கம் இன்னும் விசித்திரம். ஜனவரி 16-இல், எண்ணெய் எரிவாயு தேடலுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்று டெல்லி அறிவிக்கை. அடுத்த மாதமே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சென்னையில் சட்டம். புதிதாகத் தோண்டத் தடை. ஏற்கெனவே நடப்பதற்குத் தடையில்லை. வேலி அப்படியே நின்றது, காவல்காரருக்கு வேலையும் நிலைத்தது.

தண்ணீர்க் கணக்கு ஒன்றை இங்கே சொல்லிவிடலாம், மேடைகளில் அது சரியாக வருவதில்லை. அமெரிக்க ஷேல் கிணறு ஒன்றைப் பிளக்க ஏறத்தாழ 50 லட்சத்திலிருந்து 6 கோடி லிட்டர் வரை ஆகிறது. கேட்கத் திகைப்பாக இருக்கும். ஆனால் ஒரு ஏக்கர் நெல் அறுவடைக்கு வருவதற்குள் சுமார் 50 லட்சம் லிட்டர் குடிக்கிறது. ஆக, மிகப் பெரிய தாகமுள்ள கிணறும் பன்னிரண்டு ஏக்கர் நெல்தான். அளவு அல்ல பிரச்சினை. வயலுக்குப் பாய்ச்சியது வயலிலும் காற்றிலும் போய்ச் சேரும். பாறைக்குள் போனதில் ஒரு பகுதி, கடலைவிட உப்பாக, பாறையின் கனிமங்களையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதை எங்கே கொட்டுவது? ஓக்லஹோமாவில், பெரும்பாலும் எண்ணெயோடு மேலே வந்த உப்புநீரை, பூமிக்குள்ளேயே திருப்பிச் செலுத்தினார்கள். 2016 செப்டம்பரில் பாவ்னி என்ற ஊரில் 5.8 அளவுக்கு நிலம் நடுங்கியது.

இதையெல்லாம் நான் பேசவில்லை. மேஸ்திரி பேசிக்கொண்டிருந்தார்.

“ஆழத்த விடுங்க சார். இங்க மேல நாப்பது அடி உப்பு. கீழதான் நல்ல தண்ணி. தொட்டுட்டாப் போதுமா? குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு சந்து கெடக்கும். அதுல களிமண்ண உருட்டி உருட்டிப் போட்டு இடிக்கணும். சோம்பேறிப் பய இடிக்காம விட்டான்னா, மேல உள்ள உப்பு குழாயப் புடிச்சிக்கிட்டே கீழ எறங்கிப்புடும். ரெண்டு வருசம் தெரியாது. மூணாம் வருசம் பயிரு நுனி கருகும்.” டீ டம்ளருக்கும் அதைப் பிடித்த தன் உள்ளங்கைக்கும் நடுவில் சுண்டுவிரலை நுழைத்துக் காட்டினார். “ஒங்க குழாயச் சுத்தி என்ன போடுவீங்க?”

“சிமென்ட் அண்ணா. மூணு நாலு குழாய், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் சிமென்ட். டெஸ்ட் பண்ணித்தான் விடுவோம்.”

“எத்தனை வருசம் நிக்கும்?”

இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். ஓலைக்கு நடுவில் ஒரு பல்லி.

“கெணத்த மூடிட்டு நீங்க ஊருக்குப் போன பெறகு?”

“இதுதான் அண்ணா எங்க படிப்புலயும் கேப்பாங்க,” என்றார், சிரிக்க முயன்று.

பொய்யாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2016 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, குடிநீர் கெடக்கூடிய வழிகள் என்று எடுத்துச் சொன்னவற்றில் இந்தச் சந்தும் உண்டு: உறுதி குறைந்த கிணறு. கூடவே தரையில் சிந்துவது, அடிவிரிப்பு இல்லாத குழிகளில் கழிவுநீரைத் தேக்குவது. எல்லாம் மேஸ்திரியின் இருநூற்று இருபது அடிக்குள் நடக்கிறவை.

ஜீப் கிளம்பியது. இரண்டு டீக்கும் மேஸ்திரியே காசு கொடுத்தார். காவல்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்:

“மாமா, நம்ம வீட்டுப் போருக்குக் களி இடிச்சீங்களா?”

“ஒங்கப்பன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுல்ல இருந்தாரு. வேலி போட்டாங்களே, அதே வருசம்.”

களையெடுக்கிறவர்களுக்கு டீ வாங்க ஒரு பாட்டி தூக்குவாளியோடு வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. டீ ஆறும் நேரத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி யாரு? ஒரு மணி நேரமா ஒண்ணும் பேசாம ஒக்காந்திருக்கு.”

யாரும் பதில் சொல்லவில்லை.

“அப்பவும் இப்படித்தான் ஒருத்தரு, இதே பெஞ்சில. கேட்டதுக்கு ரோடு போடப் போறோம்னாரு. மறுவாரம் எங்க வயல்ல கல்லு நட்டிருந்துச்சு.” வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “அளக்க வந்தீங்களா?”

டீயைத் தூக்கி ஆற்றிய கை மேலேயே நின்றது. காவல்காரரும் வாய்தாக்காரரும் முதல்முறையாக ஒரே பக்கம் பார்த்தார்கள். பையைத் திறந்து காட்டிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். உள்ளே ஒரு நோட்டுப் புத்தகமும், மடித்து வைத்த திருவாரூர் மாவட்ட வரைபடமும் இருந்தன.