ஒரு சாட்சியும் ஒரு கேள்வியும்

அத்திபெலேயில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மாநில எல்லையைக் கடந்து ஓசூரை நோக்கிச் செல்கிறது. எல்லைக்கு இப்பால் வாழும் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசி வளர்கிறார்கள். ஆலயத்தில் அவர்கள் கேட்பதோ பாட்டன் காலத்து வேதாகமத் தமிழ். பிள்ளைகளைக் கெடுப்பது திரைப்படமா, இன்ஸ்டாகிராமா, கொரியப் பாடல்களா என்று பெற்றோரும் வாலிபர் கூடுகைத் தலைவர்களும் ஆராய்கிறார்கள். பிள்ளைகள் சுமக்கும் பாரம் சில வேளைகளில் இப்பட்டியலிலேயே இருப்பதில்லை.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை பிற்பகல். அவ்வூர்ப் பட்டாசுக் கடை ஒன்றில் தீப்பிடித்துப் பதினான்குக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தீபாவளிக் கால வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அவ்வூரில் பதினாறு வயது மகன் ஒருவன் சில வாரங்களுக்கு முன்புதான் சாலையோரப் பட்டாசுக் கடை ஏதேனும் ஒன்றில் விடுமுறை வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தான். படிப்பைக் காரணம் காட்டித் தாய் மறுத்துவிட்டார். தீ விபத்துக்குப் பின் அவர் சபையின் முன் எழுந்து நின்று, கர்த்தர் தம் மகனைக் காத்தார் என்று கண்ணீரோடு சாட்சி கூறினார். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மகன் தலைகுனிந்திருந்தான். அதன்பின் அவன் வாலிபர் கூடுகைக்கு வரவில்லை.

“இந்த ஃபோன்தான் தம்பி பிள்ளையைக் கெடுக்குது. ராத்திரியெல்லாம் அதையே பாத்துக்கிட்டு இருக்கான். நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க” என்று தாய் கூடுகைத் தலைவரிடம் முறையிட்டார்.

எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் அந்த இளைஞரிடம் கைப்பேசியின் தீமைகள் குறித்த செய்தி ஒன்று ஆயத்தமாக இருந்தது. மொட்டைமாடியில் பையனோடு அமர்ந்தவர், அதைத் தொடங்குமுன் ஒன்று கேட்டார். “ராத்திரி என்னடா பாக்குற?”

அவன் கைப்பேசியை நீட்டினான். தீ விபத்துச் செய்திகள். இறந்தவர்களின் படங்கள். அழுதுகொண்டிருக்கும் உறவினர்கள். மீண்டும் மீண்டும் அவையே.

“அம்மா சாட்சி சொன்னாங்க இல்லண்ணா, என்னைக் காப்பாத்தினாருன்னு. அந்தப் பசங்களோட அம்மாவும் சாமி கும்பிட்டிருப்பாங்கதானே?”

‘தேவசித்தம்’ என்ற சொல் அவர் நாவரை வந்தது. அதைச் சொல்லவில்லை. துயருறுவோர் தாமே சொல்லிக்கொள்ளும்போது அச்சொல் ஊன்றுகோல். கேள்வி கேட்பவனிடம் பிறர் சொல்லும்போது அது சாத்தப்பட்ட கதவு. தாய் கூறியது நன்றி. மகன் செவியில் விழுந்ததோ, மற்றப் பிள்ளைகள் கைவிடப்பட்டார்கள் என்னும் பொருள். வாக்கியம் ஒன்றே. பொய் இருவரிடத்தும் இல்லை.

கேட்டறிவது தமிழ்ச் சீர்திருத்தச் சபைக்குப் புதியதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், தமிழ்ச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். 1712 முதல் 1714 வரை அவரும் உடன் ஊழியரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, வந்த மறுமொழிகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்கள். மதம் மாற்ற வந்தவரே அத்தனை கேள்வி கேட்டிருக்க, பெற்ற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு நமக்கு என்ன தயக்கம்?

அந்த மாலையில் தலைவர் சொன்னது சிறிதே. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டதை லூக்கா எழுதுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்னும் எண்ணத்தை இயேசு மறுத்தார். ஏன் அவர்கள் என்பதற்கு அங்கும் விளக்கம் தரப்படவில்லை. “எனக்கும் தெரியலடா” என்றார் தலைவர். பையன் முதன்முறையாக அழுதான்.

தாயிடம் இதைத் தெரிவிப்பதே கடினமாயிருந்தது. “நன்றி சொன்னது தப்பா தம்பி?” என்று அவர் கலங்கினார். “தப்பே இல்லக்கா. அவன் அந்த அம்மாக்களையும் நெனைக்கிறான், அவ்வளவுதான்.”

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் தாய் வழக்கமான ஜெபத் தமிழை விட்டு, அடுக்களையில் பேசும் தமிழில், பிள்ளைகளை இழந்த அந்தத் தாய்மார்களுக்காக வேண்டிக்கொண்டார். மகன் ஆமென் என்றான். அடுத்த ஞாயிறு கூடுகைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்தான். அவன் கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது அதை அவன் தனியே சுமக்கவில்லை.

இக்காலப் பண்பாட்டினூடே பிள்ளைகளை நடத்த விரும்பும் பெற்றோர் கைப்பேசிக்கு நேர வரம்பு வைக்கலாம், அது தேவையும்கூட. ஆயினும் அதைப் பிடுங்குமுன், அதில் பிள்ளை எதைப் பார்க்கிறான் என்று ஒருமுறை அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். பதில் தெரியாதபோது தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் பெரியவரிடம் பிள்ளைகள் அடுத்த கேள்வியையும் கொண்டுவருவார்கள்.