கொதிக்கும் பனிமலை
மணாலி-லே சாலையில் ஒரு பழைய கேம்ப்பர் வேனும் ஐந்து பாட்டில் தண்ணீரும்

சார்ச்சுவைத் தாண்டியதும் ஆற்றங்கரையோடு சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும் சாலை, திடீரென்று ஒரு மலைச் சுவரில் முட்டிக்கொள்கிறது. மேலே போக ஒரே வழிதான்: 21 கொண்டை ஊசி வளைவுகள். கட்டா லூப்ஸ் என்று பெயர். ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி 4,650 மீட்டரில் கொண்டுபோய் விடுகின்றன. 2022 செப்டம்பரில் ஒரு பிற்பகல், பதினேழாவது வளைவில் ஃபோக்ஸ்வாகன் வேன் ஒன்று ஓரங்கட்டி நின்றது. அதன் பின்புறத்திலிருந்து ஆவி பொங்கிக்கொண்டிருந்தது. கம்பளிக் குல்லாயும் கையுறையும் அணிந்திருந்த ஜெர்மானியர் ஒருவர் அதைப் பார்த்தபடி நின்றார். காது மடல் விறைக்கும் குளிர். ஆனால் எஞ்சின் கொதித்துவிட்டது.

பனிமலையில் எஞ்சின் கொதிக்குமா? சமவெளியிலிருந்து வரும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில், எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், 4,500 மீட்டரில் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்தச் சாலையோரக் கூடாரக் கடைகளில் பருப்பு வேகாமல் விழிப்பதும், குக்கர் இல்லாமல் சமையலே நடக்காததும் இதனால்தான். காற்று குளிர்ந்திருந்தும் பெரிய பயனில்லை. அது கடல் மட்டத்துக் காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ரேடியேட்டர் வழியாக எவ்வளவு ஊதினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைவு. மனிதனுக்கு மூச்சு வாங்கும் அதே இடத்தில் எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது. பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. பலம் போனதால் கியரைக் குறைத்து, எஞ்சினை அலறவிட்டு, நடை வேகத்தில் ஏற வேண்டியிருக்கிறது. வேகம் இல்லாததால் முன்பக்கம் காற்றடிப்பதும் இல்லை.

1960களிலும் 70களிலும் ஐரோப்பாவிலிருந்து காபூல் வழியாக காட்மாண்டுவுக்கும் கோவாவுக்கும் வந்த ஹிப்பிகளின் ஃபோக்ஸ்வாகன் வேன்களில் ரேடியேட்டரே கிடையாது. காற்றாலேயே குளிர்விக்கப்படும் எஞ்சின். தண்ணீர் இல்லை என்றால் கொதிப்பதும் இல்லை, உறைவதும் இல்லை என்பது அந்தக் கம்பெனி பெருமையாகச் சொல்லிவந்த வாதம். 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையும் வந்து அந்தப் பாதையை மூடின. அதே ஆண்டு வந்த மூன்றாம் தலைமுறை வேனுக்கு 1982இல் தண்ணீர் எஞ்சின் பொருத்தினார்கள். ஆனால் பழைய பழக்கத்தை விட மனமில்லை. எஞ்சின் பின்னாலேயே இருந்தது. ரேடியேட்டர் மட்டும் முன்னால் போயிற்று. இரண்டையும் இணைக்க வண்டியின் வயிற்றுக்கடியில் நீண்ட குழாய்கள். ஒரு சாதாரண காருக்கு ஆறேழு லிட்டர் போதும் என்றால் இதற்கு 17 லிட்டருக்கும் மேல். அந்த நீண்ட குழாய்களில் எங்காவது ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ரேடியேட்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி வராமல் திரவம் வழியும் வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தக் கலையைக் கற்றே தீர வேண்டும்.

கட்டா லூப்ஸில் நின்ற 1986ஆம் வருட வண்டியின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தொழிற்பள்ளி ஆசிரியர்; மனைவி நர்ஸாக இருந்தவர். துருக்கி, ஈரான், பாகிஸ்தான் என்று ஐந்து மாதம் ஓட்டி வாகா எல்லை வழியாக உள்ளே வந்தவர்கள். பலுசிஸ்தான் பாலைவனத்தில் 45 டிகிரி வெயிலில்கூட முள் பாதியைத் தாண்டவில்லை. அங்கே அவர்கள் செய்த தந்திரம் விசித்திரமானது. ஏற்றம் வந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஹீட்டரை முழுதாகப் போட்டுவிடுவார்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே? எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி ஓட்டுபவர் கால் மீது இறங்கிவிடும். "எஞ்சினுக்குப் பதில் நாங்கள் வெந்தோம்" என்கிறார் மனைவி.

மணாலியில் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்துவிட்டு, ஒரே ஒரு குறைதான் சொன்னார். திரவத் தொட்டியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி உள்ளிருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் கீறிக் காட்டினார். "சாப், இது காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. மாற்றிவிட்டுப் போங்கள்." இந்தியாவில் விற்பனைக்கே வராத வேன், மூடிக்கு எங்கே போவது? பாலைவனத்தைத் தாண்டியது மலையைத் தாண்டாதா என்று ஜெர்மானியர் நினைத்தார். கணக்கு தெரிந்தவர், ஆனால் அன்று போடவில்லை.

கணக்கு இதுதான். மூடி சரியாக இருந்தால் உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கும். குக்கரின் வேலையேதான். அந்த அழுத்தத்தில், 4,500 மீட்டரிலும் வெறும் தண்ணீர்கூட 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடி கசிந்தால் 85. எஞ்சினுக்குள் தெர்மோஸ்டாட் கதவைத் திறந்து, சூடான நீரை ரேடியேட்டருக்கு அனுப்பத் தொடங்குவதே ஏறக்குறைய அதே சூட்டில்தான். சமவெளியில் கசிந்த மூடியோடு ஓட்டலாம், கொஞ்சம் இடைவெளி இருக்கும். இங்கே அந்த இடைவெளியே இல்லை. பாதிக்குப் பாதி கலந்திருக்கும் உறையெதிர்ப்பு திரவம் ஏழெட்டு டிகிரி கூடுதல் தரும். அவ்வளவுதான்.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப் பாதை, ரோதாங் கணவாயின் ஏற்றத்தை மிச்சப்படுத்திவிட்டது. சந்திரா, பாகா நதிகள் கூடும் தாண்டியில், அடுத்த பம்ப் 365 கி.மீ. தள்ளி என்று எச்சரித்துப் பெயர்பெற்ற பெட்ரோல் நிலையத்தில் டாங்க்கை நிரப்பினார்கள். ஜிஸ்பாவில் இன்னொரு காரியமும் செய்தார்கள். வேனில் சமையலுக்கும் குளியலுக்கும் 50 லிட்டர் தண்ணீர்த் தொட்டி உண்டு. இரவில் உறைந்து தொட்டி வெடிக்கலாம், 50 கிலோ பாரமும் குறையும் என்று அதைத் திறந்து விட்டுவிட்டார்கள். விவேகமான முடிவுதான், மறுநாள்தான் அது எவ்வளவு பெரிய தவறு என்று தெரிந்தது.

பாரலாச்சா கணவாய் 4,900 மீட்டரைத் தொடுகிறது. அதன் ஏற்றத்தில் முள் முதன்முறையாக மேலே போயிற்று. கையிருப்பில் இருந்த திரவம் முழுவதையும் அங்கேயே ஊற்றினார்கள். கட்டா லூப்ஸில் காற்று சதி செய்தது. பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்று, ஒரு வளைவில் வண்டியின் முகத்தில் அடிக்கும். அடுத்த வளைவில் முதுகில். முதுகில் அடிக்கும்போது வேனும் காற்றும் ஒரே வேகத்தில் போகும். ரேடியேட்டருக்கு அது காற்றே இல்லாததற்குச் சமம். பத்தாவது வளைவில் ஹீட்டர் போட்டார்கள். பதினேழாவதில் சிவப்பு விளக்கு மினுக்கியது.

அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். குளிர்ந்த நீரைக் கொட்டினால் அலுமினியத் தலை விரிசல் விடும். ஒரு மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மனைவிக்குக் காலையிலிருந்தே தலைவலி. இப்போது குமட்டலும் சேர்ந்துகொண்டது. இந்த உயரத்தில் அது சாதாரண விஷயமல்ல என்பது ஒரு நர்ஸுக்குத் தெரியும். கீழே சார்ச்சுவுக்குத் திரும்பவும் வண்டி ஓட வேண்டும். போயிருந்த திரவம் ஐந்து லிட்டர். குடிக்க வைத்திருந்தது இரண்டு.

லேவுக்குக் காய்கறி ஏற்றிப்போன ஒரு லாரி நின்றது. ஜலந்தர்க்காரரான டிரைவர் இறங்கி வந்து, யாரும் கேட்காமலே நிலைமையைப் புரிந்துகொண்டார். அவருடைய கேன் காலி; பாரலாச்சாவில் தன் ரேடியேட்டருக்கே ஊற்றிவிட்டிருந்தார். அவர் மேலே பார்த்தார். கிளீனர் பையனும் பார்த்தான். "வேண்டாம் உஸ்தாத்" என்றான்.

மேலே இரண்டு வளைவு தள்ளி இருப்பது கட்டா லூப்ஸின் பிரபலமான சமாதி. பல ஆண்டுகளுக்கு முன்பு, சாலை மூடும் பருவத்தில் பழுதாகி நின்ற ஒரு லாரியில், கிளீனரைக் காவலுக்கு விட்டுவிட்டு டிரைவர் உதவி தேடிப் போனாராம். பனி விழுந்து வழி அடைத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது கிளீனர் குளிரிலும் தாகத்திலும் இறந்து கிடந்தான் என்கிறது கதை. அதன்பின் இந்த வழியே போகிறவர்களிடம் ஒருவன் தண்ணீர் கேட்பதாகவும் சொல்கிறார்கள். ஊர், பெயர், ஆண்டு எதுவும் உறுதியில்லை. ஆனால் பாட்டில்கள் உறுதி. கற்களை அடுக்கிய சிறு மாடத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன. பல, சீல் உடைக்காதவை. நிற்காமல் போகும் டிரைவர்கள்கூட ஜன்னல் வழியாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

"செத்தவனுக்கு வைத்ததை எடுத்தால் நம் வண்டி போய்ச் சேராது" என்றான் பையன். அவனும் ஒரு கிளீனர். அவனுடைய பயம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

"தண்ணீர் இல்லாமல் செத்தவன்டா அவன். தண்ணீர் இல்லாதவனுக்குத் தரமாட்டானா?" என்றார் டிரைவர். பையனை அனுப்பவில்லை, தானே மூச்சிரைக்க ஏறினார். மாடத்தின் முன் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, சீல் உடையாத ஐந்து பாட்டில்களை எண்ணி எடுத்துவந்தார்.

மூடி ஆறியதும் அதையும் கையில் வாங்கிப் பார்த்தார். மணாலி மெக்கானிக் காட்டிய அதே விரிசல். லாரியின் கிழிந்த டியூபிலிருந்து வளையம் ஒன்றை வெட்டி, மூடிக்குள் அழுத்திப் பொருத்தினார். ஐந்து லிட்டரும் மெதுவாக உள்ளே போயிற்று. ஜெர்மானியர் இப்போது கணக்குப் போட்டார்: உறையெதிர்ப்பு திரவத்தின் பங்கு 50 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறைந்திருக்கும், மைனஸ் 20 டிகிரி வரை உறையாது. செப்டம்பர் இரவுக்குப் போதும். மூக்கு ஏற்கெனவே ஏற்றத்தைப் பார்த்து உயர்ந்து நின்றதால் காற்றுக்குமிழியை எடுப்பது சுலபமாயிற்று. மலை செய்த ஒரே உதவி அது.

பிறகு லாரி முன்னால், வேன் பின்னால். இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டரை அதிகமாக அழுத்தவில்லை, ஒவ்வொரு கணவாயிலும் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்திச் சில நிமிடம். லாச்சுலுங் கணவாயைத் தாண்டி, இருட்டும் நேரத்தில் பாங் கூடாரங்களை அடைந்தார்கள். அங்குள்ள ராணுவ முகாமில் மனைவிக்கு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் தலைவலி தணிந்தது.

காலையில் அவர் செய்த முதல் வேலை, ஒரு கூடாரக் கடையில் 12 பாட்டில் கொண்ட தண்ணீர்ப் பெட்டி வாங்கியது. மணாலி நோக்கிக் கிளம்பிக்கொண்டிருந்த டாங்கர் டிரைவரிடம் அதை நீட்டி, "கட்டா" என்று மட்டும் சொன்னார். அவர் எதுவும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். அதற்கு முன் ரேடியேட்டரை மூடியிருந்த தார்ப்பாயை எடுக்க மறக்கவில்லை. காலை நேரத்தில் இங்கே எஞ்சினைச் சூடாக்குவதுதான் பிரச்னை.

மோரே சமவெளி நாற்பது கி.மீ.க்கு மேல் நேர்க்கோடு. அதன்பின் தங்லாங் கணவாய். 17,582 அடி என்று எழுதியிருக்கும் மஞ்சள் பலகை. முள் பாதியைத் தாண்டி ஒரு விரற்கடை போனது. பலகை முன் படம் எடுத்துக்கொள்ளக்கூட அவர்கள் இறங்கவில்லை. அன்று மாலை சிந்து நதியோரமாக உப்ஷி, காரு வழியாக லே.

ஜெர்மனியிலிருந்து கூரியரில் புது மூடி வர இரண்டு வாரம் ஆயிற்று. மூடியின் விலையைப் போல மூன்று மடங்கு கூரியர் கட்டணம். அதுவரை லாரி டியூப் வளையம் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.